உயர் லெவல் மான்ஸ்டர்: எண்ணைக் கூட்டினால் போதுமா?

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்துக்காக நான் முதன்முதலில் உருவாக்கிய உயர் லெவல் மான்ஸ்டர் மேசையில் மூன்று நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மலையளவு உருவம், 600 உயிர்ப்புள்ளிகள், கோட்டைச் சுவரை ஒரே அடியில் இடிக்கும் கை என்று இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். எதிரே நான்கு ஆட்டக்காரர்கள். முதல் முறை மந்திரவாதிக்கு வந்தது. அவள் எதிரியை வேற்றுலகுக்கு விரட்டும் மந்திரத்தை ஏவினாள். தப்பிக்க நான் பகடையை உருட்டினேன், எண் போதவில்லை. என் மலை மறைந்துபோனது. ஒரு நிமிடத்தில் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் அது வேற்றுலகில் பிறந்தது என்று நானே குறிப்பில் பெருமையாக எழுதி வைத்திருந்தேன். அப்படிப் பிறந்தவை சொந்த இடத்துக்குப் போனால் திரும்புவதில்லை என்பது விதி.

பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்து, அடுத்த முறை 1,000 உயிர்ப்புள்ளிகளோடு, எந்த மந்திரமும் தொட முடியாத ஒன்றைக் கொண்டுவந்தேன். சண்டை மூன்று மணி நேரம் நீண்டது. இரண்டாவது மணியில் ஒருவர் கைப்பேசியை எடுத்துவிட்டார்.

இரண்டு முறையும் நான் செய்தது ஒரே தவறு. லெவல் என்பதை எடை போல, கூட்டிக்கொண்டே போகலாம் என்று நினைத்திருந்தேன். இந்த ஆட்டங்களைப் பற்றிப் பேசுபவர்களில் பலரும் இதே நினைப்பில்தான் இருக்கிறார்கள்: "சவால் எண் (மான்ஸ்டரின் ஆபத்தை மதிப்பிடும் எண்) 20 என்றால் 20ஆம் லெவல் குழுவின் இறுதி எதிரி", "பெரிய உருவம் என்றால் பெரிய லெவல்", "கஷ்டமாக்க வேண்டுமா, உயிர்ப்புள்ளியை இரட்டிப்பாக்கு". இவற்றில் ஒன்றுகூடச் சரியில்லை. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை அடியிலிருந்து சொல்கிறது.

மான்ஸ்டர் என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். அரக்கன் என்றால் கோரைப்பல்லும் கொம்பும் உள்ள ஓர் ஆள்தான் மனதில் வருவார். இந்த ஆட்டங்களிலோ தரையில் ஊர்ந்து வரும் கூழ்கூட மான்ஸ்டர்தான்.

மேசையில் என்ன நடக்கிறது?

முற்றிலும் புதியவர்களுக்காகச் சில வரிகள். பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்கிறார். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர்: கதையை நடத்துபவரும், எல்லா மான்ஸ்டர்களாகவும் ஆடுபவரும் அவரே. இந்த வகையின் மூத்த ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் அதை உருவாக்கினார்கள். கீழே வரும் எண்களில் பெரும்பாலானவை அந்த ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பிலிருந்து எடுத்தவை.

சண்டை சுற்றுகளாக நடக்கும். ஒரு சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை கிடைக்கும். தாக்குபவர் இருபது முகப் பகடையை உருட்டித் தன் தாக்குதல் எண்ணைக் கூட்டுவார். கூட்டுத்தொகை எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழுந்தது. விழுந்த அடி உயிர்ப்புள்ளிகளைக் குறைக்கும். மந்திரங்களில் பல இதற்கு நேர்மாறாக வேலை செய்யும்: ஏவியவர் சும்மா இருப்பார், மாட்டிக்கொண்டவர்தான் உருட்டித் தப்பிக்க வேண்டும். அதைத் தடுப்பு உருட்டல் என்று வைத்துக்கொள்வோம். என் மலை மான்ஸ்டர் கோட்டைவிட்டது இதில்தான். 600 உயிர்ப்புள்ளிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

லெவல் என்ற சொல்லின் குழப்பம்

குழப்பத்தின் பாதிக்குக் காரணம் இந்த ஒற்றைச் சொல்தான். கதாபாத்திரத்துக்கு லெவல் உண்டு, 1 முதல் 20 வரை. மந்திரத்துக்கும் லெவல் உண்டு, ஆனால் 1 முதல் 9 வரை. பழைய பதிப்புகளில் நிலவறையின் ஒவ்வொரு தளத்துக்கும் லெவல் என்றுதான் பெயர். 9ஆம் லெவல் மந்திரவாதிக்கு 9ஆம் லெவல் மந்திரம் தெரியாது. அதற்கு அவர் 17ஆம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இங்கே மந்திரத்துக்கு "படி" என்றும், கதாபாத்திரத்துக்கு மட்டும் "லெவல்" என்றும் எழுதுகிறேன்.

மான்ஸ்டருக்கு ஐந்தாம் பதிப்பில் லெவலே கிடையாது. அதற்கு இருப்பது சவால் எண். விதிநூலில் சேலஞ்ச் ரேட்டிங் என்று இருக்கும்.

வகை, அளவு, சவால்: மூன்று தனித்தனிக் கேள்விகள்

நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்தப் பொருளைப் பற்றியது? எவ்வளவு தடிமன்? படிக்க எவ்வளவு கடினம்? தடித்த புத்தகம் கடினமாக இருக்க வேண்டியதில்லை. மெல்லிய கணித நூல் ஒன்று ஓர் ஆண்டை விழுங்கிவிடும்.

மான்ஸ்டரை வகைப்படுத்துவதும் இப்படித்தான். "வகை" என்பது அது என்ன என்று சொல்கிறது. ஐந்தாம் பதிப்பில் 14 வகைகள் உண்டு: விலங்கு, டிராகன், இறந்தும் நடமாடுபவை, இயந்திரம்போல் செய்யப்பட்டவை, தாவரம், கூழ் என்று போகும். வகைக்குப் பயன் இருக்கிறது. சில ஆயுதங்களும் மந்திரங்களும் குறிப்பிட்ட வகையை மட்டுமே பாதிக்கும். ஆனால் ஆபத்து எவ்வளவு என்று வகை சொல்லாது. "அளவு" என்பது உருவம் மட்டுமே. மிகச் சிறியது முதல் பிரம்மாண்டம் வரை ஆறு அளவுகள். மூன்றாவதான சவால் எண்தான் ஆபத்தை மதிப்பிட முயல்கிறது. முயல்கிறது என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன்.

மூன்றும் ஒட்டாமல் நிற்பதைப் பார்க்க லிச் போதும். மரணத்தை ஏமாற்றிய பழைய மந்திரவாதி அது. மனித உயரம், வற்றிய எலும்பு உடம்பு, 135 உயிர்ப்புள்ளிகள். சவால் எண்ணோ 21. வயதுவந்த சிவப்பு டிராகன் ஒரு சிறு வீட்டளவு இருக்கும், 256 உயிர்ப்புள்ளிகள், சவால் எண் 17தான்.

சவால் எண் சொல்வதும் சொல்லாததும்

நீச்சல் குளத்தின் ஓரத்தில் "ஆழம் 6 அடி" என்று ஒரு பலகை இருக்கிறது. அது உண்மையான தகவல். ஆனால் நீங்கள் மூழ்குவீர்களா என்று பலகைக்குத் தெரியாது. உங்கள் உயரம், நீந்தத் தெரியுமா, ஏற்கெனவே களைத்திருக்கிறீர்களா, காலில் யாராவது கல்லைக் கட்டியிருக்கிறார்களா என்பதையெல்லாம் பொறுத்தது அது.

சவால் எண் அப்படி ஒரு பலகை. 2014 விதிநூல் கொடுக்கும் பொருள் இது: நன்கு ஓய்வெடுத்து, தக்க ஆயுதங்களோடு வரும் நான்கு பேர் கொண்ட குழுவின் லெவலும் மான்ஸ்டரின் சவால் எண்ணும் சமமாக இருந்தால், யாரும் சாகாமல் ஜெயிக்கக்கூடிய நல்ல சண்டையாக அது இருக்கும். இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "யாரும் சாகாமல்" என்று இருக்கிறது. இறுதி எதிரிக்கு எழுதிய இலக்கணமா இது?

மான்ஸ்டரை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளின் கணக்கும் இதையே சொல்கிறது. சவால் எண் 20 கொண்ட மான்ஸ்டருக்கு 25,000 புள்ளிகள். 20ஆம் லெவல் குழுவில் ஒருவருக்கு நடுத்தரச் சண்டையின் தொடக்கக் கோடு 5,700. நான்கு பேருக்கு 22,800. கடினம் என்ற கோடு 34,000இல்தான் தொடங்குகிறது. ஆக, சவால் எண் 20 மான்ஸ்டர் தனியாக வந்தால், விதிநூலின் சொந்தக் கணக்கிலேயே அது நடுத்தரச் சண்டை. போதாததற்கு, ஒரு நாளில் இப்படி ஆறு முதல் எட்டுச் சண்டைகளைக் குழு தாங்கும் என்பது அந்தப் பதிப்பின் அனுமானம். காலையில் எழுந்த கையோடு ஒரே ஒரு பெரிய சண்டைக்குப் போகும் குழு, எல்லா மந்திரங்களையும் முதல் மூன்று சுற்றுகளில் கொட்டித் தீர்த்துவிடும். "டிராகன் சப்பென்று போய்விட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

சரி, அந்த எண் எப்படி வருகிறது? மான்ஸ்டரை இரண்டு பாதிகளாகப் பிரிக்கிறார்கள். எவ்வளவு தாங்கும் என்பது ஒரு பாதி: உயிர்ப்புள்ளியும் கவச எண்ணும். எவ்வளவு அடிக்கும் என்பது மறு பாதி: முதல் மூன்று சுற்றுகளில் சராசரியாக ஒரு சுற்றுக்கு எவ்வளவு சேதம், எவ்வளவு துல்லியம். ஒவ்வொரு பாதிக்கும் அட்டவணையில் ஓர் எண் கிடைக்கும். இரண்டின் சராசரியே சவால் எண்.

சராசரி என்றதுமே சிக்கல் புரிந்திருக்கும். ஒரு காலை ஐஸ் கட்டியிலும் மறு காலைக் கொதிநீரிலும் வைத்தவருக்குச் சராசரியாக வெதுவெதுப்பு. லிச் அப்படித்தான். அதன் 135 உயிர்ப்புள்ளிகள் 17ஆம் லெவல் குழுவுக்கு ஒரு நல்ல சுற்றின் வேலை. அதிலும், 100 உயிர்ப்புள்ளிகளோ குறைவாகவோ இருப்பவரை ஒரே சொல்லால் கொல்லும் ஒன்பதாம் படி மந்திரம் ஒன்று உண்டு. லிச்சுக்கு 35 புள்ளிகள் குறைந்தால் போதும், அந்தச் சொல்லைச் சொல்லிவிடலாம். ஆனால் லிச்சும் அதே சொல்லை அறியும். யாருக்கு முதல் முறை கிடைக்கிறது என்பதிலேயே அந்தச் சண்டை பாதி முடிந்துவிடுகிறது.

இன்னொரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. டராஸ்க் என்ற பெருமிருகத்தின் சவால் எண் 30, பட்டியலின் உச்சி. கவச எண் 25, உயிர்ப்புள்ளிகள் 676. ஆனால் 2014 குறிப்பின்படி அதற்குப் பறக்கத் தெரியாது. தூரத்திலிருந்து தாக்க ஒரு வழியும் இல்லை. மந்திர வில்லோடு போதிய உயரத்தில் பறக்கும் ஒருவர் பொறுமையாக அதைக் கொன்றுவிடலாம். கண் முன்னால் கிடக்கும் வண்டியைத் தூக்கி எறியக்கூடவா அதற்குத் தோன்றாது என்று எந்தக் கேம் மாஸ்டரும் கேட்பார், கேட்கவும் வேண்டும். ஆனால் சவால் எண்ணில் அந்தக் கேள்வி அடங்கவில்லை.

இதுவரை: வகை, அளவு, சவால் எண் மூன்றும் மூன்று கேள்விகளுக்கான விடைகள். சவால் எண் என்பது தாங்கும் திறனும் அடிக்கும் திறனும் சேர்ந்த சராசரி. குழுவின் லெவலுக்குச் சமமான சவால் எண் என்றால் பெரும்பாலும் நடுத்தரச் சண்டை.

நான்கு பேர், ஒரு எதிரி: முறைகளின் கணக்கு

சதுரங்கத்தில் உங்கள் எதிராளி உலகச் சாம்பியன் என்று வையுங்கள். ஆனால் ஒரு விதி: அவர் ஒரு காய் நகர்த்தினால் நீங்கள் நான்கு நகர்த்தலாம். யார் ஜெயிப்பார் என்று கேட்க வேண்டியதே இல்லை. அவர் எவ்வளவு பெரிய மேதை என்பது இங்கே பொருட்டில்லை. முறைகள் போதவில்லை.

தனியாக நிற்கும் மான்ஸ்டரின் அடிப்படைப் பிரச்சினை இதுதான். ஒரு சுற்றில் ஒவ்வொரு பக்கமும் எத்தனை காரியம் செய்ய முடிகிறது என்ற இந்தக் கணக்குக்கு ஆட்டக்காரர்கள் ஆக்‌ஷன் எகானமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் முறைக்கணக்கு என்கிறேன். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். சிறிய அடிகள் பல சேர்ந்தால் பெரிய மான்ஸ்டர் விழும்.

விதியை எழுதியவர்களுக்கு இது தெரியாததல்ல. 2008இல் வந்த நான்காம் பதிப்பு இதை நேரடியாகவே கையாண்டது. ஒரே புள்ளி உயிரோடு கூட்டமாக வந்து விழுபவை மினியன். இரண்டு பேருக்குச் சமமானது எலீட். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒற்றையாக ஈடுகொடுக்கும்படி எழுதியது சோலோ. கூடவே ஒவ்வொன்றுக்கும் போர்க்களத்தில் ஒரு வேலை: முன்னால் நின்று அடி வாங்குவது, பதுங்கித் தாக்குவது, தூரத்திலிருந்து எய்வது, களத்தையே குழப்புவது என்று. மான்ஸ்டர் வகைப்பாட்டில் இதுவரை வந்தவற்றில் கேம் மாஸ்டருக்கு மிகவும் உதவியது இதுதான் என்பேன். மற்றவை மான்ஸ்டர் எது, எவ்வளவு என்று சொல்கின்றன. இது மட்டுமே மேசையில் அதை வைத்து என்ன செய்வது என்று சொன்னது.

ஐந்தாம் பதிப்பு வேறு வழியில் போனது. பெரிய மான்ஸ்டர்களுக்கு லெஜண்டரி ஆக்‌ஷன் என்று ஒன்றைக் கொடுத்தது. தமிழில் இடைச்செயல் எனலாம்: ஓர் ஆட்டக்காரரின் முறை முடிந்ததும் மான்ஸ்டர் இடையில் புகுந்து ஒரு சிறு காரியம் செய்யும். வழக்கமாக ஒரு சுற்றுக்கு மூன்று. இப்போது நான்குக்கு ஒன்று என்றிருந்த கணக்கு, நான்குக்கு ஏறக்குறைய நான்கு ஆகிறது. ஆட்டத்தின் தாளமும் மாறுகிறது. தன் முறை முடிந்ததும் யாரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார முடியாது.

மாறாகக் கூட்டமாக வரும் எதிரிகளுக்கு 2014 விதிநூல் பெருக்கல் வைத்தது. ஒரு மான்ஸ்டர் என்றால் புள்ளிகள் அப்படியே. இரண்டு என்றால் 1.5 மடங்கு, மூன்று முதல் ஆறு வரை இரண்டு மடங்கு என்று சண்டையின் கடுமையைக் கணக்கிட வேண்டும். 2024 திருத்தத்தில் இந்தப் பெருக்கல் அட்டவணையை எடுத்துவிட்டார்கள். கணக்கு எளிதானது. ஆனால் கூட்டத்தின் ஆபத்து எங்கும் போய்விடவில்லை. அதை நினைவில் வைத்திருப்பது இப்போது கேம் மாஸ்டரின் வேலை.

உயர் லெவலில் உண்மையில் எது மாறுகிறது?

எண்கள் மாறுகின்றன, ஆனால் சீராக மாறுவதில்லை. சவால் எண் 1/4 மட்டுமே உள்ள கோப்ளின் என்ற குட்டி எதிரியின் கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7. டராஸ்குக்குக் கவச எண் 25, உயிர்ப்புள்ளி 676. கவசம் பத்துப் புள்ளிதான் ஏறியிருக்கிறது. உயிரோ நூறு மடங்கை நெருங்கிவிட்டது. ஐந்தாம் பதிப்பு தெரிந்தே எடுத்த முடிவு இது. துல்லியத்தையும் கவசத்தையும் ஒரு குறுகிய எல்லைக்குள் அடக்கிவிட்டு, வளர்ச்சியை உயிர்ப்புள்ளியிலும் சேதத்திலும் காட்டுகிறது. அதனால்தான் சாதாரணக் காவலாளிகள் முப்பது பேர் கூடினால் கிழ டிராகனுக்கும் காயம் படுகிறது. காவலாளியின் தாக்குதல் எண் 3, டிராகனின் கவச எண் 22; பகடையில் 19 அல்லது 20 விழுந்தால் போதும். பத்தில் ஓர் அடி பட்டுவிடும்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. 2019இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு மேசை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு மான்ஸ்டர்களுக்கு நேரடியாகவே லெவல் கொடுக்கிறது, −1 முதல் 25 வரை. தாக்குதல், கவசம், தடுப்பு எல்லாமே லெவலோடு ஏறும். நான்கு பேர் குழுவின் லெவலுக்குச் சமமான மான்ஸ்டருக்கு 40 புள்ளிகள். இரண்டு லெவல் மேலே என்றால் 80. நான்கு மேலே என்றால் 160. இரண்டு லெவலுக்கு ஒரு முறை ஆபத்து இரட்டிப்பாகிறது. அந்த ஆட்டத்தில் காவலாளிகள் முந்நூறு பேர் வந்தாலும் கிழ டிராகன் கொட்டாவிதான் விடும். எது நல்லது? உங்களுக்கு எப்படிப்பட்ட உலகம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. கணிப்பு பொய்க்காமல் இருப்பதில் பாத்ஃபைண்டர் ஒரு படி மேல் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் எண்களைவிடப் பெரிய மாற்றம் ஆட்டக்காரர்களின் கையில் நடக்கிறது. 1ஆம் லெவலில் அவர்களால் முடிந்தது அடிப்பதும் ஓடுவதும். ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதி 5ஆம் லெவலில் பறக்கக் கற்கிறார். 7ஆம் லெவலில், என் மலைக்கு நேர்ந்ததுபோல, எதிரியை வேற்றுலகுக்கு விரட்டும் மந்திரம் வருகிறது. 9ஆம் லெவலில் குழுவின் பூசாரி இறந்து நாட்களானவரையும் எழுப்புகிறார். 13இல் உலகின் மறுகோடிக்குக் கண நேரத்தில் போகலாம். 17இல் நினைத்ததைக் கேட்டுப் பெறும் மந்திரம். சுவர், தூரம், மரணம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தடையாக இருப்பதை நிறுத்திவிடுகின்றன.

ஆகவே உயர் லெவல் மான்ஸ்டர் என்றால், இந்தத் திறமைகள் எல்லாம் கையில் உள்ளவர்களுக்கும் கேள்வி போடக்கூடியது. 600 உயிர்ப்புள்ளி இருந்தும் பறப்பவரை ஒன்றும் செய்ய முடியாதது, பெரிய எண் கொண்ட தாழ்ந்த லெவல் மான்ஸ்டர்தான்.

தடுப்பு உருட்டலையே எடுத்துக்கொள்வோம். உங்கள் மான்ஸ்டர் பத்தில் ஏழு முறை தப்பிக்கும் என்று வையுங்கள். நல்ல விகிதம் போலத் தெரியும். ஒரே சுற்றில் மூன்று பேர், ஒரே உருட்டலில் ஆளை வீழ்த்தும் மந்திரத்தை ஆளுக்கொன்று ஏவினால்? மூன்றிலும் தப்பிக்கும் வாய்ப்பு 0.7 × 0.7 × 0.7, அதாவது 34 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் முதல் சுற்றிலேயே கதை முடிந்தது. இதற்கு மாற்றாகவே லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் என்ற விதி வந்தது: நாளுக்கு மூன்று முறை, தோற்ற தடுப்பு உருட்டலை ஜெயித்ததாக அறிவித்துவிடலாம். பலருக்கு இது பிடிப்பதில்லை, நியாயம்தான். ஆட்டக்காரரின் சிறந்த மந்திரம் ஒரு வார்த்தையில் வீணாகிறது. ஆனால் இதை எடுத்துவிட்டால் என் மலையின் கதிதான். நான் செய்வது ஒரு சமரசம்: ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் மான்ஸ்டர் கண்ணுக்குத் தெரியும்படி எதையாவது இழக்கட்டும். ஒரு கண் இருளட்டும், ஒரு கொம்பு நொறுங்கட்டும். மந்திரம் வீணாகவில்லை, எதையோ உடைத்தது என்று ஏவியவருக்குத் தெரிய வேண்டும்.

இதுவரை: தனி மான்ஸ்டருக்கு முதல் எதிரி முறைக்கணக்கு. இரண்டாவது எதிரி, ஒரே உருட்டலில் ஆளை வெளியேற்றும் மந்திரங்கள். உயிர்ப்புள்ளியைக் கூட்டுவதால் இரண்டில் எதுவும் தீராது. சண்டை நீளும், அவ்வளவுதான்.

ஒன்றைச் செய்து பார்ப்போம்

என் மூன்றாவது முயற்சிக்கு ஓசையுண்ணி என்று பெயர். 16ஆம் லெவலில் நான்கு பேர் குழு. இம்முறை எண்ணிலிருந்து தொடங்கவில்லை. சண்டை முடிந்து வீட்டுக்குப் போகும்போது இவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போக வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினேன். விடை ஒரே வரி: அது பேச்சைத் தின்னும். அது நெருங்க நெருங்கக் காலடிச் சத்தம் முதலில் மறையும், பிறகு மூச்சின் ஓசை, பிறகு சொல்.

இந்த வரியிலிருந்து மற்றவை வந்தன. பெரும்பாலான மந்திரங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஓசையுண்ணியின் இடைச்செயல்களில் ஒன்று, யாராவது ஒருவரின் குரலை அவருடைய அடுத்த முறை முடியும்வரை விழுங்குவது. உயர் லெவல் மந்திரவாதிகளுக்கு இது சரியான கேள்வி. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆட்டக்காரரின் முறையைப் பறிப்பதுபோல் எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை; அவர் அடுத்த இருபது நிமிடம் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் ஒரு வழி திறந்து வைத்தேன். குரல் இழந்தவர் விரும்பினால் தன் உயிர்ப்புள்ளிகளில் 20ஐக் கொடுத்து ஒரே ஒரு மந்திரத்தைக் கத்திச் சொல்லிவிடலாம். ஒரே குரலை அடுத்தடுத்து இரண்டு முறை விழுங்கக் கூடாது என்றும் எழுதினேன்.

இப்போதுதான் எண்கள். சவால் எண் 17க்கு 2014 அட்டவணை சொல்வது: கவச எண் 19, உயிர்ப்புள்ளிகள் 311 முதல் 325 வரை, தாக்குதல் எண் 10, ஒரு சுற்றில் சேதம் 105 முதல் 110 வரை. மூன்று லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் இருந்தால், இந்த உயரத்தில் ஒவ்வொன்றையும் 30 உயிர்ப்புள்ளியாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது விதிநூல். எனவே உண்மையான உயிர்ப்புள்ளியாக 230 மட்டும் வைத்தேன். 90 சேர்ந்தால் 320. சேதத்தை இரண்டாகப் பிரித்தேன்: தன் முறையில் தலா 30 வீதம் இரண்டு கடிகள், மூன்று இடைச்செயல்களில் தலா 15. மொத்தம் 105. பாதிக்கு அருகிலான சேதம் மற்றவர்களின் முறைகளுக்கு நடுவில் விழுவதால் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. குரலை விழுங்க ஓர் இடைச்செயலைச் செலவிட்டால் அந்தச் சுற்றில் 15 சேதம் குறையும் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

மேலே பார்த்த கணக்கின்படி, 18,000 அனுபவப் புள்ளி உள்ள இது 16ஆம் லெவல் நால்வருக்கு நடுத்தரச் சண்டைதான். கடினக் கோடு 19,200. அதற்காக உயிர்ப்புள்ளியை ஏற்றவில்லை. குழு அதன் குகையை அடைவதற்கு முன் இரண்டு சிறு சண்டைகளை வைத்தேன். குகைக்குள் தொங்கும் படிகங்களில் அது ஏற்கெனவே தின்ற குரல்கள் அடைபட்டிருந்தன. ஒரு படிகத்தை உடைத்தால் குகை முழுவதும் ஒரு சுற்றுக்கு இரைச்சல். அந்தச் சுற்றில் ஓசையுண்ணியால் எந்தக் குரலையும் விழுங்க முடியாது. அது பலவீனம் என்று எங்கும் சொல்லவில்லை. முதல் சுற்றில் தற்செயலாக ஒரு படிகம் உடையும்படி மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முன் தாளில் மூன்று சுற்றுகள் தனியே ஆடிப் பார்த்தேன். இதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். குழுவின் ஒவ்வொருவருடைய வலுவான காரியத்தையும் எழுதி, மான்ஸ்டர் அதற்கு என்ன செய்யும் என்று பக்கத்தில் எழுதுங்கள். "ஒன்றும் செய்ய முடியாது" என்று இரண்டு இடங்களுக்கு மேல் வந்தால் வடிவமைப்பு இன்னும் முடியவில்லை. எனக்கு ஓர் இடத்தில் வந்தது: பறக்கும் வில்லாளி. குகையின் கூரையைத் தாழ்த்தினேன், பிரச்சினை தீர்ந்தது. மான்ஸ்டரைத் திருத்துவதைவிட அறையைத் திருத்துவது பல நேரம் சுலபம்.

சண்டை ஆறு சுற்றுகள் நடந்தது. இரண்டாம் சுற்றில் மந்திரவாதி வழக்கம்போல விரட்டும் மந்திரத்தை ஏவினாள். ஓசையுண்ணியின் கொம்பு ஒன்று வெடித்துச் சிதறியது, அது அங்கேயே நின்றது. அடுத்து அவள் குரல் போனது. 20 உயிர்ப்புள்ளியைக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொடுக்கவில்லை. வாயைத் திறக்காமல், மேசைக்கு எதிரே இருந்த வில்லாளியைப் பார்த்துக் கையை மேலே காட்டினாள். அவனுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. பிறகு தன் முறையில் கூரையில் தொங்கிய படிகங்களில் மூன்றை ஒரே மூச்சில் உடைத்தான். நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள், கதைக்குள்ளும் வெளியிலும். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.